முழுமை வாசகர் அட்டை

அசன் மைதீனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பக்கம். பக்கம் என்பதுகூட அதிகம், ஆறு வரி. அந்த ஆறு வரி கிடைத்தால் சவூதியில் தம்மாம் வேலை. கிடைக்காவிட்டால் மேலப்பாளையத்தில் ஆயுள் முழுக்கச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விஷயம் இப்படி. அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் மைதீன் பிச்சை. முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், ஆண்டவனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்று வைத்த பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் அதுவே ஏறிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டில் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள், பிச்சை ஒன்றைத் தவிர. பத்திரிகையில் அப்படி அச்சடித்தால் மாப்பிள்ளையின் வசதியைப் பற்றி ஊர் தப்பாக நினைக்கும் என்று மாமனார் அபிப்பிராயப்பட்டார். ஆகவே 1984இல் முறைப்படி விண்ணப்பித்து, அரசிதழில் ஆறு வரி போட்டு, மைதீன் பிச்சை அசன் மைதீன் ஆனார். சித்தி ஜனாபா என்ற மணப்பெண்ணும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த அரசிதழை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து, பெட்டியோடு அதை வாங்கிக்கொண்டு போயிற்று.

நாலு வருஷம் கழித்துத் தம்மாமில் ஒரு தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர் வேலை வந்தது. பாஸ்போர்ட்டில் அசன் மைதீன். சான்றிதழில் மைதீன் பிச்சை. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜங்ஷனிலுள்ள விசா ஏஜென்ட் வெகுநேரம் பார்த்தார்.

“இங்கன ரெண்டு ஆளு இருக்காவ. விசா ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு கெஜட்டைக் கொண்டாரும். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு.”

மெட்ராசுக்கு எழுதிக் கேட்டால் வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். பாளையங்கோட்டைப் பொருநைப் பெருநூலகத்தில் பழைய அரசிதழ் எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, பத்தொன்பதாம் தேதி காலையில் அசன் மைதீன் டவுன் பஸ் ஏறினார்.

அந்த நூலகத்துக்கு அது வெள்ளி விழா ஆண்டு. கட்டடத்தைவிடப் பெரிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். ‘எமது முப்பத்திரண்டு சேவைகள்’ என்று தலைப்பு. சிறுவர் கதை நேரம், மகளிர் வட்டம், நடமாடும் நூலகம், பார்வையற்றோர் பிரிவு, வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம், காளான் வளர்ப்பு, ரத்த வகை கண்டறிதல், யோகாசனம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கணினியைக் காணுதல் என்று போய்க்கொண்டே இருந்தது. முப்பத்திரண்டாவதாக, இடம் போதாமல் சின்ன எழுத்தில், ‘நூல்கள்’ என்று போட்டிருந்தது. படித்து முடிக்க அசன் மைதீனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வாசலில் நின்று பலகையைப் படிப்பவர்களையும் அன்றாட வாசகர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை. அதன்மேல் இடுப்பளவுக்குப் பதிவேடுகள். அவற்றுக்குப் பின்னாலிருந்து அட்டெண்டர் குற்றாலலிங்கத்தின் தலை மட்டும் தெரிந்தது.

“என்ன திட்டத்துல வந்திருக்கீரு பாய்?”

“திட்டம்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு கெஜட்டுப் பாக்கணும். எம்பத்திநாலு.”

ஓட்டலுக்குள் வந்து அடுப்பைக் காட்டு என்று கேட்டவனைப் பார்ப்பதுபோலக் குற்றாலலிங்கம் பார்த்தார்.

“சும்மா வந்தீராக்கும். சும்மா வாரவங்களுக்கு இங்கன ரிஜிஸ்டரே கிடையாதுவே. நீரு வந்ததையே நான் எதுல எழுத?”

எதிலும் எழுத முடியாத மனிதரை எங்கே அனுப்புவது என்பதற்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. தலைமை நூலகரின் அறைக்கு அனுப்புவார்கள்.

தலைமை நூலகர் அனந்தநாராயணன் மேடையில் பேசுகிற தமிழையே எங்கும் பேசுவார். வீட்டில் காப்பி கேட்பதுகூட அப்படித்தான் என்று ஊழியர்கள் சொல்வார்கள். அவர் மேஜையில் புத்தகம் எதுவும் இல்லை. பின்னால் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போய்ச் சட்டத்தைத் தாண்டிச் சுண்ணாம்பிலும் கொஞ்ச தூரம் ஏறியிருந்தது. அலமாரிச் சாவியைப் பூணூலில் முடிந்திருந்தார்.

“அரசிதழா? தாராளமாக. மேற்கோள் பிரிவு, ஆறாம் எண் அலமாரி. எண்பத்திரண்டு முதல் எண்பத்தொன்பது வரை ஓர் இதழ் குறையாமல் இருக்கிறது.”

“அப்போ பாத்துக்கிடலாமா சார்?”

“இருக்கிறது என்றுதான் சொன்னேன். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. உட்காருங்கள்.”

அசன் மைதீன் உட்கார்ந்தார்.

“ஒருவர் நேரே வருகிறார். ஒரு நூலைக் கேட்கிறார். வாங்கிப் படிக்கிறார். போய்விடுகிறார். அவர் மறுபடி வருவாரா? வரமாட்டார். ஏன்? வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தக் கோடு எப்படி ஏறும்? மற்ற முப்பத்தொரு சேவைகளின் கதி என்ன? அதனால்தான் முழுமை வாசகர் திட்டம் கொண்டுவந்திருக்கிறோம். ஏதேனும் ஐந்து சேவைகளில் பங்கெடுத்தால் முழுமை வாசகர் அட்டை. அட்டை இருந்தால் அலமாரி. இதற்கு முன்பெல்லாம் வாசகன் நூலைத் தேடி வந்தான். இப்போது தேடல் மட்டும் போதும் என்ற நிலைக்கு உயர்த்தியிருக்கிறோம்.”

அசன் மைதீன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளுக்கு ஒன்று என்றாலும் ஐந்து நாள். இடையில் ஒரு விடுமுறை. இருபத்தைந்தாம் தேதி அட்டை கையில் இருக்கும். சட்டைக்கு அளவெடுக்கும்போது கொஞ்சம் தாராளமாக விடுவதுபோலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் குற்றாலலிங்கம் ஒரு பதிவேட்டைத் திறந்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்கன கையெழுத்துப் போடும்.”

அந்த இடத்துக்கு நேரே ‘ஸ்ரீவத்ஸன், வயது 8’ என்று எழுதியிருந்தது.

“இது என் பேரு இல்லியே அண்ணாச்சி.”

“ஒம்ம பேருக்கு எங்கவே இடம் இருக்கு? ஏப்ரல் மாசமே வருஷம் முழுசுக்கும் உள்ள பேரை எல்லாம் எழுதி மெட்ராசுக்கு அனுப்பியாச்சு. யார் யார் வருவாங்கன்னு பட்டியல் போனாத்தான் திட்டத்துக்கு அனுமதி. அதனால எங்ககிட்ட பேரு இருக்கு, ஆளு இல்ல. நீரு ஆளு இருக்கீரு, பேருதான் தகராறு. பொருத்தமாத்தான இருக்கு? போடும். கை ஒம்ம கைதான.”

அசன் மைதீன் போட்டார்.

சிறுவர் கதை நேரம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் ஊரிலுள்ள சிறுவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் என்பதால் இடையூறு இருக்காது. ஒரு அடி உயர நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, தாடியோடு ஸ்ரீவத்ஸன் உட்கார்ந்தார். கதை சொல்ல நியமிக்கப்பட்டிருந்த மீனு டீச்சர் இரண்டு வருஷமாகக் காலி நாற்காலிகளுக்குக் கதை சொல்லி வந்தவள். ஆள் ஒன்று வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போன எறும்பின் கதையைக் கையையும் காலையும் ஆட்டி நடித்தே காட்டினாள்.

“குட்டிப் பையா, ஆத்துக்கிட்ட எறும்பு என்ன கேட்டுச்சு, சொல்லு பாப்போம்.”

“தெரியாது டீச்சர்.”

“நல்லா யோசி. அவசரமே இல்ல.”

அசன் மைதீன் யோசித்தார். எறும்பு எதைக் கேட்டிருந்தாலும் அது கிடைத்திருக்காது என்று மட்டும் அவருக்குப் பட்டது. டீச்சர் ஒரு தேன்மிட்டாய் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பினாள்.

மறுநாள் மகளிர் வட்டம். பதிவேட்டில் அன்னத்தாய் என்றிருந்தது.

“அண்ணாச்சி, இது ஞாயமா? பொம்பளப் பேரு.”

“கையெழுத்துல ஆம்பள பொம்பள இருக்கா வே? எட்டு வயசுப் பிள்ளையா இருந்தீரு, பேசாம இருந்தீரு. இப்ப மட்டும் கோவம் வருதாக்கும்.”

மகளிர் வட்டத்தில் அன்றைக்கு எலுமிச்சை ஊறுகாய். முப்பது பழத்தை நறுக்கி, உப்புப் போட்டு, ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டினார். துணி கட்டிய நேர்த்தியைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எந்தப் பெண்பிள்ளையும் இதுவரை கட்டியதில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் வந்ததில்லை என்பதால் அது உண்மையும்கூட.

இராத்திரி சோறு போடும்போது சித்தி ஜனாபா மோந்து பார்த்தாள்.

“கையெல்லாம் நார்த்தங்கா வாசம் அடிக்கி. கெஜட்டுப் பாக்கத்தான போனிய?”

“எலுமிச்சை” என்றார் அசன் மைதீன். பிறகு, “அங்கன ஒரே கூட்டம். நாளைக்கும் போகணும்” என்றார்.

“படிக்கிறவங்க நம்ம ஊருல அவ்வளவு பேரா?”

அவர் எழுந்து போய் இன்னொரு தடவை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அன்னத்தாயைப் பற்றி எந்தப் புருஷன்தான் பெண்டாட்டியிடம் சொல்வான்?

மூன்றாம் நாள் நடமாடும் நூலகம். அது ஒரு நீல நிற வேன். நூலகத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நாலு கருங்கல்லின்மேல் நின்றது. சக்கரங்கள் ரீட்ரெட் போட எண்பத்தொன்பதாம் வருஷம் போனவை, இன்னும் வந்தபாடில்லை. அதற்காக ஒருநாள்கூட நடை நிற்கவில்லை. டிரைவர் கிருபைராஜ் காக்கிச் சட்டையோடு ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்டியரிங்கைத் திருப்பினார். பாட்டரி இல்லாததால் ஹாரனை வாயாலேயே அடித்தார்.

“ஏறும் பாய். முக்கூடல் நடை. இன்னைக்கு நீரு தளவாய், முக்கூடல் வாசகர்.”

“முக்கூடல்காரன் முக்கூடல்லதான ஏறணும்?”

“அங்கன ஏற ஆளு கிடையாது. அதனால இங்கனயே கூட்டிக்கிட்டுப் போயிருதது.”

கிருபைராஜ் நியாயமான டிரைவர். குறுக்கு வழியில் போகமாட்டார். ஒவ்வொரு ஊர் வந்ததும் சொன்னார். மேலப்பாளையம் என்றபோது, இறங்கி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று அசன் மைதீனுக்கே ஒரு கணம் தோன்றியது. முன்னீர்பள்ளம் தாண்டியது. பத்தமடை தாண்டியது. சேரன்மகாதேவியில் கிருபைராஜ் பிரேக்கை மிதித்து, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். செங்கோட்டை வண்டி போகணும்.”

பதினைந்து நிமிஷம் காத்திருந்தார்கள். அசன் மைதீன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “வண்டில புத்தகம் ஒண்ணும் காணலியே” என்றார்.

“புத்தகத்தைக் கொண்டு இப்படி ஊரு ஊரா அலையமுடியுமா? தொலைஞ்சு போனா யாரு பொறுப்பு? அது அங்கன அலமாரில பத்திரமா இருக்கு” என்றார் கிருபைராஜ், பாளையங்கோட்டை இருந்த திசையில் கையைக் காட்டி. திசை சரியாகத்தான் இருந்தது. இருபது அடி தள்ளி.

நாலாம் நாள் பார்வையற்றோர் பிரிவு. பூலுடையார் என்ற பெயர். அந்தப் பிரிவில்தான் முதல்முறையாக அசன் மைதீன் புத்தகத்தைக் கண்டார். கண்டார் என்று சொல்வதற்கில்லை. காணுவதற்குள் குற்றாலலிங்கம் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டார். பார்வையுள்ளவர்கள் பார்த்தால் அது விதிமீறல். தடித்த தாளில் எழும்பி நின்ற புள்ளிகளை ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். துணியில் நூல் ஓடுவதை விரலால் கண்டுபிடிக்கிறவர் என்பதால் புள்ளிகள் வரிசை தப்பாமல் இருப்பது தெரிந்தது. இதில் எங்காவது என் ஆறு வரியும் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். கண் கட்டியிருந்ததால், அங்கே ஒருவரும் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம். இங்கே அவர் செல்வின். வழிகாட்டுபவர் அனந்தநாராயணனே.

“செல்வின், உள்ளூரிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது. வெளிநாட்டில் தையல் தொழிலுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. நீங்கள் ஏன் முயன்று பார்க்கக் கூடாது?”

“முயற்சிதான் சார் பண்ணிக்கிட்டு இருக்கேன். அந்தக் கெஜட்டு மட்டும்…”

“குறுக்கே பேசாதீர்கள். முக்கியமான அறிவுரை இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை எல்லாம் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அங்குமிங்கும் ஓடுவதால்தான் நம் இளைஞர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள்.”

அசன் மைதீன் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை அட்டை கேட்டு நின்றார். அன்று இருபத்தாறாம் தேதி. விடுமுறை போக, செல்வினுக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்காக ஒரு நாள் தண்டனையும் விழுந்திருந்தது. அனந்தநாராயணன் ஐந்து பதிவேடுகளையும் வரவழைத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார்.

“அசன் மைதீன் என்ற பெயர் ஒன்றிலும் இல்லையே.”

“எல்லாத்துலயும் நாந்தான சார் வந்தேன். நேத்துக்கூட எனக்குத்தான நீங்க புத்தி சொன்னீங்க.”

“நேற்று நான் புத்தி சொன்னது செல்வினுக்கு. ஸ்ரீவத்ஸன் வந்திருக்கிறான். அன்னத்தாய், தளவாய், பூலுடையார் வந்திருக்கிறார்கள். தங்கமானவர்கள். நீங்கள் இந்த நூலகத்தின் எந்தச் சேவையிலும் ஒருநாளும் பங்கெடுக்கவில்லை. அட்டை மட்டும் வேண்டும் என்கிறீர்கள். இதைத்தான் சுயநலம் என்கிறோம்.”

“ஏஜென்ட் என்னிய ரெண்டு ஆளுன்னாரு. ஒங்ககிட்ட வந்தா ஆளே இல்லங்கீங்க. நான் எங்கதான் சார் போவேன்?”

“முப்பத்திரண்டு சேவைகளில் அந்தக் கேள்விக்கு இன்னும் ஒதுக்கீடு வரவில்லை” என்றார் அனந்தநாராயணன், உண்மையான வருத்தத்தோடு.

வராண்டாவில் குற்றாலலிங்கம் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

“பைய நில்லும்வே. நாளன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து இணை இயக்குநர் அம்மா வாராவ. வெள்ளி விழா ஆய்வு. அவங்க வாய் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா அலமாரி தொறக்கும். அன்னைக்கு வாரும். ஆனா ஒண்ணு, அஞ்சு பேரும் வந்தாகணும்.”

“நான் ஒருத்தன்தான அண்ணாச்சி இருக்கேன்.”

“அதத்தாம்லா நானும் சொல்லுதேன். அஞ்சு பேரும் வரணும்.”

இருபத்தெட்டாம் தேதி இணை இயக்குநர் ஜயலக்ஷ்மி வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். அனந்தநாராயணன் வரவேற்புரை ஆற்றினார்.

“இந்நூலகத்தில் அறுபத்திரண்டாயிரம் நூல்கள் உள்ளன. கடந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு நூல் தொலைந்ததில்லை. ஒரு தாள் கிழிந்ததில்லை. ஒரு முனை மடங்கியதில்லை. எந்த நூலிலும் எண்ணெய்க் கை பட்டதில்லை. இதை எவ்வாறு சாதித்தீர்கள் என்று அண்டை மாவட்டத்தார் கேட்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சாவி ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது. நூல்களைப் பொதுமக்களிடமிருந்து காப்பாற்றிவிட்டோம். இனி, பொதுமக்களுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோதுதான் மற்ற முப்பத்தொரு சேவைகளும் தோன்றின.”

இணை இயக்குநர் தலையாட்டிக் கைதட்டினார். பிறகு ஆய்வு தொடங்கியது. முன்பக்க வராண்டா வழியாக இணை இயக்குநர் நடந்தார். பின்பக்கம், கழிப்பறைச் சந்து வழியாக அசன் மைதீன் ஓடினார்.

சிறுவர் பிரிவில் முகத்துக்கு நேரே சிலேட்டைப் பிடித்தபடி ஸ்ரீவத்ஸன் உட்கார்ந்திருந்தான்.

“எட்டு வயசுக்குப் பையன் கொஞ்சம் வளர்ந்திருக்கானே.”

“கதை கேட்டு வளர்ந்தவன் அம்மா” என்றார் அனந்தநாராயணன்.

மகளிர் வட்டத்தில் ஜன்னல் திரையை முக்காடாகப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பெண் ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“நூலகத்தால உனக்கு என்னம்மா கிடைச்சுது?”

“ஊறுகாய்ம்மா” என்று மெல்லிய குரல் வந்தது. இணை இயக்குநர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வேப்பமரத்தடிக்கு அவர் வருவதற்குள் தளவாய் வேனுக்குள் ஏறியிருந்தார். கிருபைராஜ் சல்யூட் அடித்து, “அம்மா, வண்டி முக்கூடல்ல நிக்கி” என்றார். இணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வு தொடங்கி எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

“அதற்குள்ளாகவா?”

“அதுவும் ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல்” என்றார் அனந்தநாராயணன்.

பார்வையற்றோர் பிரிவில் பூலுடையாருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, விறுவிறுப்பான புத்தகம் என்று பதில் சொன்னார்கள். இணை இயக்குநர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். குற்றாலலிங்கம் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

“எல்லார் முகத்திலயும் ஒரே களை தெரியுது. கவனிச்சீங்களா? வாசிப்பு மனுஷங்களை ஒண்ணாக்கிடும்னு நான் எப்பவும் சொல்றது” என்றார் இணை இயக்குநர்.

கடைசியாக வேலைவாய்ப்பு மையம். செல்வின் எழுந்து கும்பிட்டார். மணி மூன்றரை ஆகியிருந்தது. ஜங்ஷனுக்குப் போக ஒரு மணி நேரம். கடையநல்லூர்க்காரர் பாஸ்போர்ட்டோடு நின்றுகொண்டிருப்பார்.

“தம்பிக்கு இன்னும் ஏதாவது வேணுமா? தயங்காமக் கேளுங்க.”

“எம்பத்திநாலு கெஜட்டும்மா. ஆறாம் நம்பர் அலமாரில இருக்கு. ஒரே ஒரு தடவை பாக்கணும்.”

அனந்தநாராயணனின் கை தானாகப் பூணூலுக்குப் போயிற்று.

“குடுங்களேன். கேட்கிறவங்களுக்குக் கொடுக்கத்தானே இருக்கோம்” என்றார் இணை இயக்குநர். மெட்ராசில் அவர் இருந்த அலுவலகத்தில் புத்தகம் எதுவும் கிடையாது என்பதால் அவருக்கு அதன் ஆபத்துத் தெரியவில்லை.

அலமாரியைத் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊழியர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். சேர்ந்து ஒன்பது வருஷமான தட்டச்சர் ஒருவர், உள்ளே நிஜமாகவே புத்தகம்தான் இருக்கிறதா என்று பந்தயம் கட்டியிருந்தார். பூட்டுக்கு எண்ணெய் விட்டு, சாவியை இரண்டு பேர் சேர்ந்து திருக, கதவு திறந்தது. பாச்சை உருண்டை நெடியில் முன்வரிசை தும்மியது. 1984, நாலாம் தொகுதி. பக்கத்துக்குப் பக்கம் தாள் ஒட்டியிருந்தது. செல்வின் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசியில் விரல் ஓர் இடத்தில் நின்றது. திருநெல்வேலி மேலப்பாளையத்தைச் சேர்ந்த மைதீன் பிச்சை ஆகிய நான் இன்றுமுதல் அசன் மைதீன் என அழைக்கப்படுவேன். ஆறு வரிதான். ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. அனந்தநாராயணன் அவற்றை அவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருந்தார்.

“இதுக்கு ஒரு உண்மை நகல் வேணும் சார். முத்திரையோட.”

“அது எப்படி? இது அசன் மைதீன் என்பவர் சம்பந்தப்பட்டது. நீங்கள் செல்வின். உரியவர் எங்கே?”

இவ்வளவு நாளில் அசன் மைதீனும் சில சேவைகளால் பயன் பெற்றிருந்தார். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.

“வெளிய நிக்காரு சார். இந்தா கூட்டியாரேன்.”

சந்துக்குள் போய், செல்வினின் பேண்ட் சட்டையைக் கழற்றி, இடுப்பில் சாரம் கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். அனந்தநாராயணன் ஏற இறங்கப் பார்த்தார்.

“இவர் நம் பதிவேட்டில் இல்லாதவர். இவர்தான் அசன் மைதீன் என்று பதிவுபெற்ற வாசகர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். செல்வினை வரச் சொல்லுங்கள்.”

அசன் மைதீன் போனார். செல்வின் வந்தார். ‘மேற்படி அசன் மைதீனை எனக்குப் பல ஆண்டுகளாக நன்கு தெரியும். மைதீன் பிச்சையும் அவரே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உங்கள் உறுதியின் பேரில்தான் கொடுக்கிறேன் செல்வின். ஆள் நம்பிக்கையானவர்தானே? நேற்று முன்தினம் வந்து அட்டை கேட்டுத் தகராறு செய்தார்.”

“கோவக்காரரு சார். மத்தபடி நல்ல மனுசன்” என்றார் செல்வின்.

செல்வின் போனார். அசன் மைதீன் வந்து நகலை வாங்கிக்கொண்டார். குற்றாலலிங்கம் குண்டு குண்டாக எழுதி, வட்ட முத்திரையை மூன்று இடத்தில் குத்தியிருந்தார். இணை இயக்குநர் இதை எல்லாம் பார்த்துவிட்டு, தான் நின்ற பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பேர் பயனடைந்ததாகப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதினார்.

ஜங்ஷன் ஏஜென்ட் அந்த ஆறு வரியைப் படிக்கவில்லை. முத்திரையைத்தான் பார்த்தார். மூன்றும் வட்டமாக இருந்தன.

அசன் மைதீன் விமானம் ஏறிய வாரம் நூலகத்துச் சுவரில் சிவப்புக் கோடு முதல்முறையாகக் கீழே இறங்கியது. சிறுவர் பகுதியில் ஒருவர் குறைவு, மகளிரில் ஒருவர், முக்கூடலில் ஒருவர், பார்வையற்றோரில் ஒருவர், வேலைவாய்ப்பில் ஒருவர். ஒரே நாளில் ஐந்து பேர் நின்றுபோனதற்கு விளக்கம் கேட்டு மெட்ராசிலிருந்து ஓலை வந்தது. அனந்தநாராயணன் குற்றாலலிங்கத்தைக் கூப்பிட்டார்.

“இவர்களெல்லாம் எங்கே போய்விட்டார்கள்?”

“தம்மாமுக்குப் போயிட்டாவ சார். பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட நான் பாத்தேன்.”

“யார்?”

குற்றாலலிங்கம் கொஞ்சம் யோசித்தார். “எல்லாரும்தான் சார்” என்றார். அது பொய்யும் இல்லை.

ஆண்டறிக்கையில் அது முதல் பக்கத்தில் வந்தது. வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தின் முயற்சியால் ஒரே ஆண்டில் ஐந்து வாசகர்கள் வெளிநாட்டில் வேலை பெற்றனர். அவர்களில் ஒருவர் பெண், ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் எட்டு வயதே ஆனவர். பத்திரிகையிலும் ஐந்து பெயரையும் தம்மாமையும் சேர்த்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டுக்குப் பத்துப் பேர் என்று மெட்ராசிலிருந்து இலக்கு வந்தது. அசன் மைதீன் என்ற பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை.

தம்மாமில் அசன் மைதீனுக்கு வேலையில் குறை ஒன்றும் இல்லை. அறையில் கூட இருந்தவர்கள் எல்லாம் வேறு தேசத்துக்காரர்கள். கத்தரிக்கோல் சத்தத்தைத் தவிர அவருக்குப் புரிகிற பாஷை எதுவும் காதில் விழவில்லை. வாயைத் திறந்து நம் ஊர்ப் பேச்சுப் பேசி நாலு மாசம் ஆகிறது என்று வீட்டுக்கு எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை, கட்டிலில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே ஒரு பத்திரிகைத் துணுக்கும் இருந்தது.

“அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் பிள்ளை நஸீமாவும் நலம். நீங்கள் நலமாக இருக்க துஆ செய்கிறேன். தனியாக இருக்குதேன், பேச ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று நஸீமா இந்தப் பேப்பரைக் காட்டினாள். நீங்கள் கெஜட்டுப் பார்க்கப் போனீர்களே, அதே லைப்ரரியில் இருந்து ஐந்து பேர் அங்கே வந்திருக்கிறார்களாம். அதில் பார்வை இல்லாத ஒருத்தர் இருக்கார், பாவம். எட்டு வயசுப் பிள்ளை ஒன்றும் இருக்கிறதாம், அதை எப்படித்தான் அனுப்ப மனசு வந்ததோ, சாப்பிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்னத்தாய் என்று ஒரு பொம்பளையும் வந்திருக்காள், அவளிடம் மட்டும் ரொம்பப் பேச்சு வேண்டாம். மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். எல்லாரும் நம் ஊர் ஆட்கள்தானே, ஒத்தாசையாக இருப்பார்கள். முடிந்தால் அவர்களும் நீங்களும் ஒரே ரூமாக எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே வராது.”